பொட்டலத்தில் வராத கிழங்கு

அலுவலக நண்பர் ஒருவர் போன வாரம் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். இணையத்தில் விதை வாங்கப் போகிறார். கூடையில் ஐந்து பொட்டலங்கள்: ஊதா கேரட், மஞ்சள் கேரட், பீட்ரூட், பார்ஸ்னிப், லீக். கூடவே பன்னிரண்டு அங்குல க்ரோ பேக் இருபது. "மேடவாக்கத்துல புது வீடு, மொட்டை மாடி முழுக்க நம்மளுது. நீங்கதான் தோட்டம் போடறீங்களே, சரியா இருக்கான்னு பாருங்க" என்றார். நான் பார்த்துவிட்டு, "பையை மட்டும் வாங்குங்க. பீட்ரூட் வேணும்னா இருக்கட்டும். மத்ததை எடுத்துடுங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்ன சார், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அபசகுனமா பேசறீங்க?"

லிப்ட் வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். சென்னை மாதிரி ஊரில் பையிலும் தொட்டியிலும் கிழங்குகள் தாராளமாக விளையும். ஆனால் எந்தக் கிழங்கை வளர்ப்பது என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. எதைப் பொட்டலத்தில் அடைத்து விற்க முடியுமோ அது தீர்மானிக்கிறது. பொட்டலத்தில் அடைக்க முடியாதவை நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகின்றன. சில வீடுகளில் நிரந்தரமாகவே போய்விட்டன. அதில் ஒரு வீடு எங்களுடையது.

*

லீக்கில் இருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் பலருக்கு அது என்னவென்றே தெரியாது. வெங்காயக் குடும்பம். வெங்காயம் போலக் குண்டாகாமல் வெள்ளைத் தண்டாக நிற்கும், மேலே பட்டை பட்டையாகப் பச்சை இலை. இலங்கைத் தமிழர்களுக்கு 'லீக்ஸ்' என்பது அன்றாடக் கறி. நுவரெலியா பக்கம் விளைந்து சந்தைக்கு வருவது.

நான் அதை முதலில் பார்த்தது இங்கிலாந்தில். வேலை நிமித்தமாக நியூகாசிலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கேட்ஸ்ஹெட்டில் எட்டு மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் பூசிய முற்றம், நம் ஊர் ஒற்றைப் படுக்கையறை அளவுதான். அதில் பழைய பீப்பாய்களையும் குப்பைத் தொட்டிகளையும் வரிசையாக வைத்திருந்தார். பாதியில் லீக், பாதியில் கேரட்.

அந்தக் கேரட் பீப்பாய்களை நான் மறக்கவே மாட்டேன். பீப்பாய் நிறைய மணல். மணலில் கடப்பாறையைக் குத்திச் சுழற்றிக் கூம்பு மாதிரி ஆழமான குழிகள் போடுவார். ஒவ்வொரு குழியிலும் சலித்த மண் கலவையை நிரப்பி, மேலே இரண்டு மூன்று விதை. முளைத்ததும் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுவார். வேருக்கு வழியில் ஒரு கல் இல்லை, கட்டி இல்லை, நேராக இறங்கும். கேரட்டை நாற்று விட்டுப் பிடுங்கி நடக் கூடாது, ஆணிவேர் நுனி முறிந்தால் அது இரண்டாக மூன்றாகக் கவைக்கும் என்பதை அவரிடம்தான் கற்றேன். லீக்குக்கு நேர் எதிர். அதை நாற்று விட்டுத்தான் நட வேண்டும். குச்சியால் ஓர் ஆழமான துளை போட்டு, நாற்றை உள்ளே விட்டு, மண்ணைத் தள்ளி மூடாமல் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். மண் தானாகச் சரிந்து மூடிக்கொள்ளும். வளர வளர அட்டைக் குழாயைச் சுற்றிவிட்டால் வெயில் படாத தண்டு வெளுத்து இளசாக இருக்கும்.

அந்தப் பகுதியில் லீக் வெறும் காய்கறி இல்லை. டர்ஹாம், நார்தம்பர்லாந்து சுரங்க ஊர்களில் தொழிலாளர் கிளப்புகளிலும் மதுக்கூடங்களிலும் ஆண்டுதோறும் லீக் போட்டி நடக்கும். யாருடைய லீக் பருமன் என்று நாடா வைத்து அளப்பார்கள். போட்டிக்கு முந்தைய இரவு எதிராளியின் லீக்கைக் கத்தியால் கீறிவிட்டுப் போன கதைகளெல்லாம் உண்டு. பெரியவரிடம், "விதை எங்கே வாங்குகிறீர்கள்?" என்று கேட்டேன். சிரித்தார். விதையே வாங்குவதில்லையாம். நல்ல லீக் ஒன்றைப் பூக்க விட்டு, பூத்தலையில் பூக்களைக் கத்தரித்துவிட்டால் அங்கே புல் மாதிரி குட்டிச் செடிகள் முளைக்கும். அதைக் கிள்ளி வேர்விட வைத்து அடுத்த ஆண்டுக்கு நடுவார். தாய்ச்செடி எப்படியோ குட்டியும் அப்படியே இருக்கும். அவரிடம் இருந்த லீக் அவருடைய அப்பா வைத்திருந்த லீக்.

அன்றைக்கு அந்தப் பதிலின் பொருள் எனக்குப் புரியவில்லை. ஊருக்குத் திரும்பும்போது விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, நான்கு பொட்டலம் லீக் விதையும் ஆறு பொட்டலம் கேரட் விதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

*

வேளச்சேரியில் இரண்டாவது மாடி வாடகை வீடு. வீட்டுக்காரரிடம் கெஞ்சி மாடியில் அனுமதி வாங்கி, பதினெட்டுப் பை வைத்தேன். தேங்காய் நார்க்கழிவு, செம்மண், மண்புழு உரம் மூன்றும் சம அளவு. அட்டைக் குழாய்கூட வெட்டி வைத்திருந்தேன். லீக் விதை முளைத்தது, நாற்றும் நன்றாக வந்தது. நட்ட பிறகு நின்றது நின்றபடி நின்றது. ஐந்து மாதம் கழித்துப் பிடுங்கியபோது பென்சில் தடிமன். நம் வெங்காயத்தாள் இதைவிடத் தடிமனாகக் கடையில் கிடைக்கிறது. கேரட்டில் ஒரு பைக்குப் பதினான்கு விட்டேன். கிடைத்தது எல்லாம் சேர்த்து 380 கிராம். வெளிறிய நிறம், குட்டை, நடுவில் கட்டை. சிலது கால் பரப்பி உட்கார்ந்த பொம்மை மாதிரி இருந்தது. மனைவி அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள்.

மூன்று வருடம் இப்படி. ஒவ்வொரு வருடமும் தப்பு என்னுடையது என்றே நினைத்தேன். கலவை சரியில்லை, தண்ணீர் சரியில்லை, விதைத்த தேதி சரியில்லை. மென்பொருள் வேலையில் ஒரு பழைய நகைச்சுவை உண்டு: நிரல் உடைந்துவிட்டது என்று வாடிக்கையாளர் கதறும்போது, எழுதியவன் "என் கணினியில் ஓடுகிறதே" என்பான். மாடித்தோட்டக் காணொளிகளும் விதைப் பொட்டலத்தின் பின்பக்கக் குறிப்புகளும் பெரும்பாலும் இந்த ரகம். எந்தக் கணினியில் ஓடியது என்று சொல்ல மாட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு அங்குலப் பை என்றால் விட்டம் 30 சென்டிமீட்டர், உயரம் 30. அதன் மேல்பரப்பு சுமார் 700 சதுர சென்டிமீட்டர். பக்கச் சுவரின் பரப்பு சுமார் 2800. அதாவது மண்ணின் முகத்தைவிட நான்கு மடங்கு பெரிய சுவர், பாதி நாள் வெயிலில் நிற்கிறது, கீழே சுடும் தளம் வேறு. தரையில் வளரும் வேருக்குச் சூடு மேலிருந்து மட்டும்தான் வரும். கையகல ஆழத்துக்குக் கீழே போனால் மண் குளிர்ந்திருக்கும். பையில் இருக்கும் வேருக்கு ஒதுங்க இடம் கிடையாது.

இதே சங்கதி இங்கிலாந்தில் வரம். அங்கே வசந்தத்தில் தரை இன்னும் குளிர்ந்து கிடக்கும்போது தொட்டி மண் சீக்கிரம் சூடாகிவிடும், விதை முந்தி முளைக்கும். சிறு தோட்டத்துக்குத் தொட்டியே உத்தமம் என்று அவர்கள் எழுதுவதில் பொய் ஒன்றுமில்லை. கேரட் நல்ல நிறமும் நீளமும் பெற 15 முதல் 20 டிகிரி வேண்டும். நியூகாசிலில் ஜூலை மாதப் பகலே பெரும்பாலும் 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். சென்னையில் அது ஜனவரி மாத விடியற்காலை. அவர்களுடைய நடுக்கோடை நம்முடைய மார்கழி விடியல், அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும்.

வெள்ளைக்காரனுக்கே இது தெரிந்திருந்தது. தன் ஊர்க் காய்கறி வேண்டும் என்றதும் அவன் மலையேறினான். ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் ஆங்கிலப் பண்ணை போட்டார். 1800 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர்கள் அவை. இன்றைக்கு நாம் சாப்பிடும் மலைக் கேரட்டும் யாழ்ப்பாணத்துக் கடைக்கு வரும் லீக்ஸும் அந்த உயரத்தின் கொடை. அவன் ஏறிய மலையை நாம் மொட்டை மாடியில் இரண்டு மாடி உயரத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

*

சரி, குளிர்ப்பயிர் இங்கே சிரமம் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா? இல்லை. பிறகு ஏன் மாடித்தோட்டம் என்றதும் 'கிழங்கு வகை' என்ற தலைப்பில் கேரட், பீட்ரூட், முள்ளங்கி, டர்னிப் மட்டும் வருகிறது? சேப்பங்கிழங்கு, சேனை, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு ஏன் வருவதில்லை?

என் பதில்: அவற்றை விற்க முடியாது.

கேரட் விதை கடுகைவிடச் சிறியது. ஒரு பொட்டலத்தில் நூற்றுக்கணக்கில் அடைத்து, மேலே பளபளக்கும் படம் போட்டு, தபாலில் எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். அதைவிட முக்கியம், அது திரும்ப வாங்க வைக்கும். ஐரோப்பியக் கேரட் இரண்டு பருவச் செடி. பூத்து விதை வைக்க அதற்குப் பல வாரம் நல்ல குளிர் வேண்டும். சமவெளி மாடியில் அது பூக்கப் போவதில்லை. லீக்கும் அப்படியே. மிஞ்சிய விதையைப் பத்திரப்படுத்தலாம் என்றால், வெங்காயக் குடும்பத்து விதைகள் ஓரிரு வருடத்தில் முளைப்புத்திறனை இழந்துவிடும், சென்னைப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். ஆக, வருடா வருடம் புதுப் பொட்டலம்.

சர்க்கரைவள்ளிக்கு விதை வேண்டாம். ஒரு முழம் கொடி போதும். அதில் விளையும் கொடியை வெட்டித் தெருவுக்கே கொடுக்கலாம். சேனையில் முளை இருக்கும் ஒரு துண்டு. சேம்பில் ஒரு சின்னக் கிழங்கு. ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் போதும் என்ற சரக்கை எந்த வியாபாரி விளம்பரம் செய்வான்? நான் சதி என்று சொல்லவில்லை. சதிக்கு அவசியமே இல்லை. லாபம் இல்லாத இடத்தில் பேச்சு இருக்காது. பேச்சு இல்லாததை நாம் இல்லாதது என்று எடுத்துக்கொள்கிறோம்.

கேட்ஸ்ஹெட் பெரியவர் சொன்னது இங்கேதான் எனக்குப் புரிந்தது. லீக்கை அதன் சொந்த ஊரில், அதை உயிராக நினைப்பவர்கள், பொட்டலத்தில் வாங்குவதில்லை. அப்பாவிடமிருந்து பிள்ளை, கிளப்பில் இவரிடமிருந்து அவர் என்று கைமாறித்தான் வருகிறது. அவரிடமிருந்து நான் கற்க வேண்டியது அந்தப் பழக்கத்தை. நான் காயைக் கற்றுக்கொண்டு வந்தேன்.

*

எங்கள் பூர்வீகம் கடையம் பக்கம் ஒரு கிராமம். ஆச்சி வீட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி சிறுகிழங்கு எப்போதும் உண்டு. தெற்கத்திக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: கோலிக்குண்டில் இருந்து கோழிமுட்டை வரை அளவில், கறுத்த தோலும் மண் வாசனையுமாக இருக்கும் கிழங்கு. தைப்பொங்கல் அன்று அது இல்லாமல் எங்கள் ஊரில் இலை போட மாட்டார்கள். தோலைக் கத்தியால் சீவினால் பாதிக் கிழங்கு போய்விடும். ஆச்சி சாக்கில் போட்டு, கல்தரையில் புரட்டிப் புரட்டித் தேய்ப்பாள். பொங்கல் முடிந்ததும் நடுத்தரமான கிழங்காகப் பொறுக்கி, மண்பானையில் மணலோடு போட்டு இருட்டு மூலையில் வைப்பாள். வைகாசியில் அது முளைக்கும். முளையைப் பாத்தியில் வைத்து, கொடி விட்டதும் விரல் நீளத்துக்குக் கிள்ளி ஆடியில் நடுவாள். ஆச்சிக்கு அவளுடைய மாமியார் கொடுத்த கிழங்கு அது.

2019 பொங்கலுக்குப் போனபோது ஆச்சிக்கு முட்டுவலி முற்றி நடமாட்டம் குறைந்திருந்தது. என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். "ஏல, அந்தப் பானைல வெதக்கெழங்கு கெடக்கு. இனி நான் எங்க நட? எடுத்துட்டுப் போயி ஒன் மாடில வையி."

"அதெல்லாம் பையில வராது ஆச்சி. நான் கேரட்லாம் போட்டுருக்கேன்."

"கேரட்டா? அதக் கடைல வாங்கிக்கிடலாம்லா."

நான் சிரித்தேன். பானையை எடுக்கவில்லை. பேருந்தில் மண்பானையைத் தூக்கிக்கொண்டு வர வெட்கமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஐப்பசியில் ஆச்சி போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து வீட்டைப் பூட்டும்போது பானையைத் திறந்து பார்த்தேன். வைகாசியில் முளைத்து, வெளிச்சம் தேடி வெள்ளை நூலாக நீண்டு, மணலுக்குள்ளேயே காய்ந்து கிடந்தன. விரலால் தொட்டதும் பொடிந்தது.

பையில் வராது என்று நான் சொன்னது பொய் என்று பின்னால் தெரிந்தது. நான் அதை எங்கேயும் படித்திருக்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. எந்தப் பொட்டலத்திலும் அதன் படம் இல்லை, அதனால் வராது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

*

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும்.

"சென்னையிலேயே நான் கேரட் எடுத்திருக்கேனே" என்பார்கள். எடுக்கலாம். பூசா கேசர், பூசா ருதிரா மாதிரிச் சமவெளி ரகங்கள் இருக்கின்றன. மழை ஓய்ந்த பிறகு விதைத்து, பைகளை நெருக்கி வைத்து, வெயில் படும் பக்கத்தை மறைத்தால் சுமாராக வரும். முள்ளங்கியில் பூசா சேட்கி வெயிலையே தாங்கும், 45 நாளில் கைக்கு வரும். இவற்றைப் போடுங்கள். ஆனால் பொட்டலக் கடையில் முன்வரிசையில் இருப்பது ஊதா கேரட்தான்.

"இது என்ன, அந்நியக் காய் ஆகாது என்ற பேச்சா?" என்பார்கள். இல்லவே இல்லை. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் தென்னமெரிக்காவில் இருந்து வந்தவை. மரவள்ளியைத் திருவிதாங்கூரில் பரப்பியதில் விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பங்கு உண்டு. ஆச்சியின் சிறுகிழங்குக்கே பூர்வீகம் ஆப்பிரிக்கா. எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பொருட்டே இல்லை. வந்த பிறகு இந்த வெயிலையும் மழையையும் ஏற்றுக்கொண்டதா, ஒரு கை இன்னொரு கைக்குக் கொடுக்க முடிகிறதா, இவ்வளவுதான் என் கேள்வி.

"பொழுதுபோக்குதானே, எதை வளர்த்தால் உனக்கென்ன?" இதுதான் எனக்குக் கோபம் வரவழைப்பது. பொழுதுபோக்கு என்று சொல்கிற அதே வாய்தான் தற்சார்பு, மரபு, நஞ்சில்லா உணவு என்றும் மாடியில் நின்று பேசுகிறது. பெரிய சொற்களைப் பேசினால் அதற்கான கணக்கையும் காட்ட வேண்டும். வருடா வருடம் விதைக்குக் கடையை நம்பியிருப்பதைத் தற்சார்பு என்று சொல்ல முடியாது.

*

இனி நண்பருக்கு, வேலைக்கு உதவுகிற மாதிரி.

சர்க்கரைவள்ளியை அகலமான தொட்டியில் வையுங்கள். கொடி நறுக்கு ஒரு முழம், பாதியை மண்ணுக்குள் படுக்க வையுங்கள். மூன்றரை, நான்கு மாதம். கொடியை வெளியே வழிய விடுங்கள். அது பையின் சுவரை மூடி நிழல் கொடுக்கும். நான் மேலே சொன்ன 2800 சதுர சென்டிமீட்டர் பிரச்சினையைச் செடியே தீர்த்துக்கொள்ளும். இளம் இலையைக் கீரையாகவும் ஆக்கலாம். உரம் அதிகம் போட்டால் இலைதான் கொழிக்கும், கிழங்கு இருக்காது.

சேம்புக்கு ஈரம் பிடிக்கும். ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில் வைத்தாலும் கோபித்துக்கொள்ளாது. சேனைக்குப் பெரிய தொட்டி, நாற்பது லிட்டராவது. மாசி, பங்குனியில் முளையுள்ள துண்டை வைத்தால் எட்டு ஒன்பது மாதத்தில் தண்டு மடிந்து விழும். அதுதான் தோண்டச் சொல்லும் நேரம். நடுவில் அங்கங்கே கிளறிப் பார்க்கக் கூடாது.

சிறுகிழங்குக்கு உரச்சாக்கு போதும். சாக்கை வெளிப்பக்கமாகப் பாதி மடித்து, அரைச் சாக்கு மண் நிரப்பி நடுங்கள். கொடி வளர வளர மடிப்பைப் பிரித்து மண் அணைத்துக்கொண்டே வாருங்கள். ஆடியில் நட்டால் ஐப்பசி மழை வரும்போது கொடி மண்ணை மூடியிருக்கும். பகல் குறையக் குறைய உள்ளே கிழங்கு இறங்கும். வேரில் முடிச்சு விழும் நூற்புழுத் தொல்லை உண்டு, ஆகவே அதே மண்ணில் மறுவருடம் நடாதீர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஸ்ரீ தாரா என்று சிறுகிழங்கில் ஒரு ரகமே அவர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி இருக்கிறது, மழையும் வெயிலும் ஒத்துழைக்கின்றன, பையும் நம்மிடம் இருக்கிறது.

நான் இப்போது வளர்ப்பது ஆச்சியின் கிழங்கு இல்லை. மூன்று வருடத்துக்கு முன் பொங்கல் சமயத்தில் தி.நகர் நடைபாதையில் ஒரு தென்காசிக்கார அம்மாவிடம் கால் கிலோ வாங்கினேன். "இது வெதைக்கு ஆவுமா?" என்று கேட்டதும் அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கூடையைக் கிளறி அடியில் இருந்து ஐந்தாறு கிழங்கைத் தானாகவே எடுத்துப் போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை. போன பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குப் போதுமான அளவு, நாலு சாக்கில் எடுத்தோம். ருசி ஆச்சியுடையது மாதிரி இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். "அது வேற" என்றாள். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

நண்பரே, லீக் பொட்டலத்தைக் கூடையில் இருந்து எடுத்துவிடுங்கள். ஆடி பிறந்ததும் வீட்டுக்கு வாருங்கள், கொடி கிள்ளித் தருகிறேன். ஈரத் துணியில் சுற்றினால் மேடவாக்கம் போய்ச் சேரும் வரை வாடாது. ஒரே நிபந்தனை: அடுத்த பொங்கலுக்குக் கிழங்கு எடுக்கும்போது பத்தைச் சமைக்காமல் மணலில் போட்டு வையுங்கள். என் மாடியில் பூச்சி விழுந்து எல்லாம் போய்விட்டால் நான் உங்களிடம்தான் வந்து கேட்பேன்.